கலையரசனின் கழுத்து

கலையரசனுக்கு நாற்பத்திரண்டு வயது. புதுச்சத்திரத்திலிருந்து மேற்கே பிரிகிற தார்ச்சாலையில் மூன்று கிலோமீட்டர் போனால் வருகிற கோழிப்பண்ணையில் பதினான்கு வருடமாக மேனேஜர். மேனேஜர் என்றதும் தனி அறை, சுழல் நாற்காலி என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்றரை லட்சம் கோழிகளுக்கும் ஒரே ஒரு முதலாளிக்கும் நடுவில் நிற்கிற ஆள் என்று அர்த்தம். கோழிகளால் அவனுக்கு ஒரு நாளும் தொந்தரவு வந்ததில்லை.

கோழியைப் பற்றி அவனுக்குத் தெரியாதது கோழிக்கே தெரியாது என்று பண்ணையில் சொல்வார்கள். ஷெட் வாசலில் நின்று உள்ளே ஒரு பார்வை பார்த்தால் போதும், எந்த வரிசை மிரண்டிருக்கிறது, எந்த வரிசைக்கு நேற்றுத் தண்ணீர் சரியாக வரவில்லை என்று சொல்லிவிடுவான். கோழிக்கு மனக்கஷ்டம் வந்தால் அது முதலில் இறகில் தெரியும். முதுகில் சொட்டை விழும், பக்கத்துக் கோழியைக் கொத்தும், தோல் சிவந்து கிடக்கும். அதனால் ஷெட் பக்கம் யாரும் சத்தம் போடக் கூடாது, பட்டாசு கூடாது, கண்ணைப் பறிக்கிற கலரில் சட்டை போட்டுக்கொண்டு புது ஆள் உள்ளே நுழையக் கூடாது. வெயில் காலத்தில் குடிக்கிற தண்ணீரில் வைட்டமின் சி. இத்தனை உபசாரத்தையும் பதினான்கு வருடமாக முன்நின்று செய்தவனுக்குத் தன் கழுத்தில் நடந்தது மட்டும் புரியவில்லை.

கதை கேமராவில் ஆரம்பிக்கிறது. முதலாளி சின்னுசாமிக்கு அறுபத்தைந்து வயது. நாமக்கல் டவுனில் மோகனூர் ரோட்டில் வீடு. தினமும் காலையில் காரில் வருவார், ஐந்து ஷெட்டையும் சுற்றுவார், ஒரு டீ குடிப்பார், "பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இரண்டு வருடத்துக்கு முன்னால் பொங்கலுக்கு வந்த அவருடைய மகன் தமிழரசு, பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவன், அப்பாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று பதினாறு கேமராக்களை மாட்டி, அவருடைய போனில் ஒரு ஆப்பையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து முதலாளி பண்ணைக்கு வருவதை நிறுத்திவிட்டார். பண்ணையை விட்டுப் போவதையும் நிறுத்திவிட்டார்.

முதல் வாரமே போன் வந்தது.

"ஏப்பா கலை, மூணாவது ஷெட்ல கடைசிக் கூண்டுல ஒரு கோழி தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்குதாட்ட இருக்குதே?"

"தூங்குதுங்க."

"பகல்லயா?"

"மத்தியானமுங்களே. தின்னுபோட்டுச் சித்த கண்ண மூடும்ங்க."

"எதுக்கும் ஒருக்கா எழுப்பிப் பாத்துரு."

கலையரசன் நூற்றியிருபது அடி நடந்து போய் அந்தக் கோழியை எழுப்பினான். அது அவனைப் பார்த்த பார்வையில், இத்தனை நாள் பழக்கத்துக்கு இதுதானா மரியாதை என்கிற கேள்வி இருந்தது. அவன் அதனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். போன் மறுபடியும் அடித்தது.

"இப்பத் தலையத் தூக்கிருச்சு. செரி. அந்தப் பக்கத்துக் கோழி ஏன் உன்னைய அப்பிடிப் பாக்குது?"

ஒரு நாளைக்கு முப்பது போன் கால், நாற்பது போன் கால். தண்ணீர்க் குழாயில் ஒரு சொட்டு விழுகிறதே, என்ன? வேலைக்கு இருக்கிற ஒரிசாப் பையன்களில் உயரமானவன் எங்கே, காணோம்? ஐந்தாவது ஷெட் கேமராவில் ஏதோ பெரிய மிருகம் மாதிரி தெரிகிறதே? அது கேமராக் கண்ணாடியில் ஒட்டியிருந்த சிலந்தி. கலையரசன் ஏணி போட்டு ஏறி, சிலந்தியைத் துடைத்துவிட்டு இறங்குவதற்குள், "இப்ப என்னப்பா உன்ற மூஞ்சி இத்தாப்பெருசாத் தெரியுது?" என்று அடுத்த கால்.

போனை வலது கையில் காதோடு பிடித்திருப்பான். இடது கைக்கு வேலை கிடையாது. சும்மா இருக்கப் பிடிக்காத கை அது. மெல்ல மேலே ஏறிப் பின்கழுத்துக்குப் போய், முடி முடிகிற இடத்துக்குக் கீழே சொறியும். ஆரம்பத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பாக ஒரு தடிப்பு. பிறகு அது உள்ளங்கை அளவுக்கு விரிந்தது. ஆறு மாதத்தில் அந்த இடத்துத் தோல் தடித்துக் கறுத்து, வரிவரியாகக் கோடு விழுந்து, பழைய பெல்ட்டைத் தொட்டது போல ஆகிவிட்டது. அது போதாதென்று இரண்டு முழங்கை மடிப்பிலும் செக்கச்செவேலென்று படை கிளம்பியது.

புதுச்சத்திரத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிற சபரிநாதன், டாக்டருக்குப் படிக்காத குறை ஒன்றைத் தவிர வேறு குறை இல்லாதவர். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கழுத்தைப் பார்த்து, கலையரசன் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒரு டியூபை எடுத்து வைத்தார்.

"மூணு நாளு போடுங்க. நாலாம் நாளு அந்த எடத்தத் தேடோணும்."

அவர் சொன்னது பொய்யில்லை. நாலாம் நாள் தோல் பளபளவென்று ஆனது. பதினைந்தாம் நாள் அரிப்பு திரும்பி வந்தது, வரும்போது கூட்டாளிகளையும் அழைத்து வந்தது. மறுபடியும் டியூப். மறுபடியும் பளபளப்பு. ஒரு வருடத்தில் எத்தனை டியூப் ஆயிற்று என்று சபரிநாதனுக்கே தெரியாது. கடைசியில் தோல் மெலிந்து, தண்ணீர் பட்டாலே எரிகிற நிலை வந்தது. "அப்ப இது வேற எதோ" என்று சபரிநாதன் இன்னொரு கலர் டியூபை எடுத்து வைத்தார்.

வீட்டில் மனைவி தனப்பிரியா தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். எதையும் முறையாகச் செய்கிறவள். முதலில் சோப்பை மாற்றினாள், பிறகு சோப்பை நிறுத்தினாள். போர்வையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தாள். அவனுக்குத் தனித் துண்டு, தனித் தலையணை.

"ஏனுங்க, அந்தக் கோழிப் பேன்தான் இது. பண்ணைச் சட்டையோட ஊட்டுக்குள்ள வராதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"பதினாலு வருசமா வராத பேனு இப்ப எங்கிருந்து கண்ணு வந்துது?"

"அப்ப முட்டைதான். முட்டைய நிறுத்திப் பாக்கலாமுங்க."

நாமக்கல்லில் கோழிப்பண்ணை மேனேஜராக இருந்துகொண்டு முட்டை சாப்பிடாத ஒரே மனிதன் என்கிற பெருமை கலையரசனுக்கு நான்கு மாதம் இருந்தது. கத்திரிக்காய் போயிற்று, கருவாடு போயிற்று, நிலக்கடலை போயிற்று. சட்டியில் மிஞ்சியது ரசமும் தயிரும். அரிப்பு ரசம் சாதத்திலும் நன்றாகவே வளர்ந்தது.

பள்ளிபாளையத்திலிருந்து வந்த மாமியார் வசந்தாமணி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். "காணாக்கடி மாப்ள. எதோ ஒண்ணு கண்ணுக்குத் தெரியாமக் கடிச்சிருக்குது." வேலை முடிந்த ஒரு சாயங்காலம் காவிரிக் கரையோரம் ஒருவரிடம் அழைத்துப் போனார். அவர் வேப்பிலையால் மூன்று தடவை அடித்து, காதுக்குள் ஏதோ முணுமுணுத்து, "எது கடிச்சுதோ அது எறங்கிப் போயிரும்" என்றார். கலையரசனின் சட்டைப் பையில் போன் அடித்தது. எது கடித்ததோ அது இறங்கிப் போகவில்லை, இரண்டாவது ஷெட்டில் ஃபேன் ஏன் மெதுவாகச் சுற்றுகிறது என்று கேட்டது.

இப்படியாக ஊரே வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கையில், முதலாளியே ஒரு நாள் நோயைக் கவனித்தார். கேமராவில்தான்.

"ஏப்பா, அஞ்சு நிமிசமாப் பாத்துட்டிருக்கறேன். கழுத்தப் பிச்சு எடுத்துட்டு நிக்கற. என்ன அது?"

கலையரசனுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. இத்தனை நாளில் முதல் தடவையாக முதலாளி கோழியை விட்டுவிட்டுத் தன்னைக் கேட்கிறார். கண் கலங்க ஆரம்பம் முதல் சொன்னான். பிறகு முதலாளி தாழ்ந்த குரலில் கேட்டார்:

"கோழிக்கு ஒட்டிக்குமா?"

"தெரியலீங்க."

"என்னப்பா, தெரியலீங்கற! ஒன்றர லட்சம் உசுரு. நாளைக்கே சேலம் போ. நல்ல தோல் டாக்டராப் பாரு. கோழிக்கு ஒட்டாதுன்னு எழுதி வாங்கிட்டு வா."

அந்த வருடத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் அரை நாள் லீவு அது.

சேலத்தில் நாலு ரோட்டுப் பக்கம் டாக்டர் நிகத்தின் கிளினிக். ஐம்பது வயதுக்குள் இருக்கும் அந்த அம்மாவுக்கு. தலையில் முக்காடு, மூக்கில் இறங்கிய கண்ணாடி. கையில் லென்ஸை எடுத்துக் கழுத்தைப் பார்த்தார், முழங்கையைப் பார்த்தார். அவன் கொண்டுவந்திருந்த டியூபைச் செத்த எலியைப் பிடிப்பது போல இரண்டு விரலால் பிடித்து மேஜை ஓரத்தில் வைத்தார்.

"இதுல ஸ்டீராய்டு இருக்குங்க. யார் சொல்லிப் போட்டீங்க?"

"மெடிக்கல்லதானுங்க."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருசம் இருக்கும்ங்க."

டாக்டர் டியூபை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். சொல்லி அலுத்துப்போன முகம் அது. "எப்பல்லாம் அரிக்குது?" என்று மட்டும் கேட்டார்.

"எப்பவுந்தானுங்க."

"எப்பவும்னா? தூங்கும்போது, சாப்பிடும்போது, கோயிலுக்குப் போகும்போது?"

கலையரசன் யோசித்துக்கொண்டிருக்கையில் பையில் போன் அதிர்ந்தது. டாக்டர் அறையாயிற்றே என்று எடுக்காமல் இருந்தான். நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. மூன்றாவது தடவை அதிர்ந்தபோது டாக்டர், "எடுக்காதீங்க. உங்க இடது கை எங்க இருக்குன்னு பாருங்க" என்றார்.

கை கழுத்தில் இருந்தது. எப்போது போயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை. நகத்துக்கடியில் லேசாக ரத்தம்கூட இருந்தது. திருடும்போது பிடிபட்டவன் போலக் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"யாருங்க அது?"

"மொதலாளிங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். மனதில் பயமும் பதற்றமும் ஓயாமல் இருந்தால் உடம்பு அதற்கென்று சில ஹார்மோன்களைச் சுரக்கும். அது தோலில் வீக்கத்தைக் கூட்டும், தோலின் மேல்பூச்சைப் பலவீனமாக்கும், அரிப்பு நரம்புகளைத் தூண்டிவிடும். சொறிந்தால் தோல் தடிக்கும். தடித்த தோல் இன்னும் அரிக்கும். அரித்தால் இன்னும் சொறியத் தோன்றும். "இது கற்பனைன்னு நான் சொல்லலீங்க. தோல்ல இருக்கிற நோய் நெஜம். மனசு அதுக்கு எண்ணெய் ஊத்திட்டே இருக்கு."

கலையரசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் அவனுக்குத் தெரிந்த பாஷையில் பேசுகிறார்.

"எங்க கோழிக்கும் இப்பிடித்தானுங்க ஆகும். மெரண்டுதுன்னா தோலு செவந்து எறகு கொட்டிப்போயிரும்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"சத்தத்தை நிறுத்துவமுங்க. வைட்டமின் குடுப்பம். புது ஆள உள்ள விட மாட்டம். அதும்பாட்டுக்கு இருக்கட்டும்னு உட்டுருவமுங்க."

"உங்கள யாராவது அப்படி உட்டாங்களா?"

கலையரசன் மடியில் இருந்த இடது கையைப் பார்த்தான். ஜன்னலுக்கு வெளியே பஸ் ஒன்று ஹாரனை அழுத்தியபடி போனது. டாக்டர் எழுதத் தொடங்கினார். குளித்து ஈரம் காய்வதற்குள் தடவ ஒரு க்ரீம், கழுத்துத் தடிப்புக்கு நாள் கணக்கு வைத்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டிய ஒரு களிம்பு, அரிப்புக்கு மாத்திரை. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். கடைசி வரியில் 'டென்ஷனைக் குறைக்கவும்.' மற்றதெல்லாம் சேலத்து மருந்துக்கடையிலேயே கிடைத்துவிட்டது. கடைசி வரிக்கு மட்டும் எந்தக் கடையிலும் ஸ்டாக் இல்லை.

சர்டிபிகேட் விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னான். டாக்டர் முதலில் விளையாட்டு என்று நினைத்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, லெட்டர்பேடை இழுத்து, இந்தத் தோல் நோய் மனிதருக்கோ பறவைகளுக்கோ தொற்றக்கூடியது அல்ல என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸில் கோழிகளின் நலனுக்காக அவர் கொடுத்த முதல் சான்றிதழ்.

மோகனூர் ரோட்டு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்ததும் முதலாளி அதை இரண்டு தடவை படித்தார். கோழிகளின் தடுப்பூசி ஃபைலில் பத்திரமாகச் சேர்க்கச் சொன்னார். மருந்துச் சீட்டையும் வாங்கிப் பார்த்தார்.

"டென்ஷனைக் குறைக்கவும்னு போட்டிருக்குது. உனக்கென்னப்பா டென்ஷன்? எல்லாத்தையும்தான் நானு ஊட்ல உக்காந்துட்டுப் பாத்துக்கறேனே?"

மருந்து ஓரளவு கேட்டது. எரிச்சல் அடங்கியது, முழங்கைப் படை வெளுத்தது. ஆனால் கழுத்து அசைந்து கொடுக்கவில்லை. பகலெல்லாம் களிம்பு ஒரு அடி முன்னே போனால், போன் இரண்டு அடி பின்னே இழுத்தது.

மாசி மாதத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் தண்ணீருக்குப் போர் போட ஆரம்பித்தார். திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டி வந்து நின்றது. ஐந்து நாள் பூமியே அதிர்ந்தது. தண்ணீர் வந்ததோ இல்லையோ, மூன்றாவது நாலாவது ஷெட் கோழிகளுக்கு வாழ்க்கையே வெறுத்துவிட்டது. கூண்டில் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. கொத்திக்கொண்டன. வழியெல்லாம் இறகு பறந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று என்று முட்டையிட்டுக்கொண்டிருந்தவை எண்பத்தொன்றுக்கு இறங்கின.

கேமரா மாட்டிய பிறகு முதல் தடவையாக முதலாளி காரை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார். கூடவே நாமக்கல்லிலிருந்து கோழி டாக்டர் கதிர்வேலையும் அழைத்து வந்தார். கதிர்வேல் ஒரு கோழியைக் கையில் எடுத்து, இறகை விலக்கி, சிவந்த தோலைக் காட்டினார்.

"ஸ்ட்ரெஸ்ஸுங்க. வேற ஒண்ணுமில்ல. பயந்து போயிருக்குதுங்க."

சின்னுசாமியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாவம், வாயில்லாத ஜீவன். என்ன கஷ்டம்னாலும் வாயத் தொறந்து சொல்லுதா பாருங்க" என்றார். வாயுள்ள ஜீவன் ஒன்று பக்கத்திலேயே நின்று கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. அதுவும் வாயைத் திறக்கவில்லை.

கதிர்வேல் தண்ணீரில் கலக்க மருந்து எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்துக்கு ஷெட்டில் திடீர்ச் சத்தம் எதுவும் கூடாது என்றார். தினம் ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே சட்டை. போகிற போக்கில், "அப்பறம், போனு. உள்ள போன் அடிக்கவே கூடாதுங்க. அதுக்குத்தான் ரொம்ப மெரளுது" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

முதலாளி உடனே திரும்பினார். "கலை, இன்னைலருந்து உன்ற போனு ஷெட்டுக்குள்ள போகக் கூடாது. ஆபீஸ் மேசைக்குள்ள வெச்சுப் பூட்டிரு."

"நீங்க கூப்புட்டீங்கன்னா?"

"கூப்புட்டாலும் எடுக்காத. கோழி முக்கியமா, நானு முக்கியமா?"

"கோழிதானுங்க" என்றான் கலையரசன். பதினான்கு வருடத்தில் முதலாளி கேட்ட கேள்விக்கு அவன் அவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதே இல்லை.

மூன்று வாரம். ஷெட்டுக்குள் தீவன வண்டி உருளுகிற சத்தம், கோழிகளின் கொக்கொக், ஃபேன் சத்தம், அவ்வளவுதான். முதல் இரண்டு நாள் போன் இல்லாமலேயே பை அதிர்வது போல அவனுக்குத் தோன்றியது. திடுக்கிட்டுத் தொட்டுப் பார்ப்பான், பை காலியாக இருக்கும். நாலாம் நாள் முட்டை அட்டைகளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டிருந்தபோது, இடது கை காலையிலிருந்து மேலே போகவே இல்லை என்பது அவனுக்கு உறைத்தது. பத்தாம் நாள் காலையில் தனப்பிரியா அவனுக்குப் பின்னால் நின்று டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தவள், "ஏனுங்க, சித்த நில்லுங்க" என்றாள். விரலால் கழுத்தைத் தொட்டாள். வரி குறைந்து தோல் மெத்தென்று இருந்தது.

"நாந்தான் சொன்னனே, சோப்புதான் காரணம்னு."

விஷயம் பரவியது. மாமியார் பள்ளிபாளையத்திலிருந்து போன் செய்து, வேப்பிலைக்காரருக்கு வேட்டி துண்டு எடுத்துக் கொடுக்கச் சொன்னார். சபரிநாதன் கடைக்கு வந்தவர்களிடம், ரெண்டாவது கலர் டியூப்தான் வேலை செய்தது, கொஞ்சம் லேட்டாக வேலை செய்கிற சரக்கு அது என்றார். கலையரசன் யாரையும் மறுக்கவில்லை. ஆளுக்கொரு பங்கு எடுத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். டாக்டர் கொடுத்த களிம்பை மட்டும் நாள் தவறாமல் தடவினான்.

இருபத்தோராம் நாள் கோழிகள் தொண்ணூற்றிரண்டுக்கு வந்துவிட்டன. மறுநாள் சின்னுசாமி வந்து இறங்கினார். நேராக ஆபீஸுக்குப் போய், மேசையைத் திறந்து, கலையரசனின் போனை எடுத்துக் கர்ச்சீப் சுற்றிய கையில் பிடித்தபடி ஷெட் வாசலுக்கு வந்தார்.

"கோழி தேறிருச்சு. இந்தா, புடி. இனி உள்ள எடுத்துட்டுப் போலாம்."

கலையரசன் கையை நீட்டவில்லை.

"வேண்டாமுங்க."

"ஏன், இன்னும் கோழிக்கு ஆகாதா?"

ஆமாங்க என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கோழி பெயரைச் சொன்னால் முதலாளி எதையும் கொடுப்பார். காலையில் வீட்டிலிருந்து வழியெல்லாம் அவன் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தான். ஆனால் வாய் வேறு மாதிரி திறந்துவிட்டது.

"கோழிக்கு ஆயிருச்சுங்க. எனக்குத்தான் ஆகாது."

காலரை இறக்கிக் கழுத்தைக் காட்டினான். எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் அறையில் போன் அடித்ததும் கை தானாகப் போனதையும், இந்த மூன்று வாரத்தில் அது போகாததையும் சொன்னான். நடுவில் நிறுத்தவில்லை. வேலையை விட்டு நிற்கச் சொன்னாலும் சரி என்று முடித்துவிட்டு, அப்படிச் சொன்னதற்காகத் தானே பயந்து தரையைப் பார்த்தான்.

கோபம் வந்தால் உடனே கத்துகிற மனிதர் சின்னுசாமி. அன்று மெதுவாகக் கர்ச்சீப்பை அவிழ்த்தார். உள்ளங்கையை நீட்டிக் காட்டினார். விரலெல்லாம் தோல் உரிந்து, வெடித்து, ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளமாக நின்றது. கோழிகளுக்கு இப்படி ஒரு தோல் வந்திருந்தால் பத்து டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்.

"ரெண்டு வருசமாவே இருக்குதுப்பா. இந்த மூணு வாரமாத்தான் ரொம்ப மோசம். அரிப்பு தாங்க முடியில. ஊட்ல காட்டுல. தமிழரசுகிட்டச் சொன்னா அதுக்கும் ஒரு ஆப்பு போட்டுக் குடுப்பான்." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த சேலத்து அம்மா நம்பர் இருக்குதா?"

அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் ஒரே காரில் சேலம் போனார்கள். கிளினிக்கில் டோக்கன் பதினேழு. காத்திருக்கிற நேரத்தில் சின்னுசாமி போனை எடுத்து கேமராவைப் பார்த்தார். ஒவ்வொரு ஷெட்டாகப் பார்த்தார். திடீரென்று பதறி, "என்னப்பா, உள்ள ஆளையே காணோம்? எங்க போய்த் தொலைஞ்சான் மேனேஜரு?" என்றார். கேட்ட பிறகுதான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் எதிர்ச் சுவரில் இருந்த வெயில் தடுப்பு க்ரீம் விளம்பரத்தைப் படித்தார்கள்.

டாக்டர் நிகத் உள்ளங்கையைப் பார்த்தார். வழக்கமான கேள்விதான். "எப்பங்க ரொம்ப அரிக்குது?"

சின்னுசாமி யோசிக்கவே இல்லை.

"இவன் போன எடுக்காதப்பங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஒருவரை மாற்றி ஒருவரைப் பார்த்தார். சிரிப்பை அடக்குவதற்காகத் தண்ணீர் குடித்தார். பிறகு இரண்டு பேருக்கும் சேர்த்தே பேசினார். கைக்குக் களிம்பு எழுதினார், சோப்பும் கிருமிநாசினியும் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கேமராவை ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் திறக்கக் கூடாது என்றார்.

"பத்து?" என்றார் சின்னுசாமி.

"ரெண்டுங்க."

"ஒரு ஆறு?"

சந்தையில் மாடு பேசுகிற மாதிரி பேசி, கடைசியில் மூன்றில் வந்து நின்றது. காலையில் முட்டை எடுத்த பிறகு ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அந்த மூன்று நேரத்தில்தான் போனும்.

ஒப்பந்தம் முதல் வாரம் அச்சுப் பிசகாமல் நடந்தது. இரண்டாவது வாரம் நாலாவது கால் வந்தது. "இது பண்ணை விசயமில்லப்பா. சும்மா, நல்லா இருக்கறயான்னு விசாரிக்கறேன்" என்றார். கலையரசன் நல்லா இருக்கிறேன் என்றான். "அப்பறம், மூணாவது ஷெட்டு…" என்று ஆரம்பித்தவர் தானே நிறுத்தி, இருமி, வைத்துவிட்டார். மனிதர் முயற்சி செய்கிறார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவர் கை பாதி ஆறியிருக்கிறது. மீதிப் பாதிக்காகப் புதிதாக வாங்கிய தென்னந்தோப்பில் கேமரா மாட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

கலையரசனின் கழுத்தில் இன்றைக்கும் ஒரு கருத்த நிழல் இருக்கிறது. முழுக்க மறைய இன்னும் சில மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வெயில் அதிகமானால், தனப்பிரியாவின் பள்ளியில் ரிசல்ட் வருகிற வாரமானால் லேசாக அரிக்கும். அப்போது சொறியாமல் ஈரத்துணியை வைத்து அழுத்திக்கொள்வான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டான். கிடைத்தது. மனைவியோடு பைக்கில் ஜேடர்பாளையம் போனான். இரண்டு வருடமாக வெளியிடத்தில் சட்டையைக் கழற்றியிராதவன், அன்று கழற்றிப் படிக்கட்டில் வைத்துவிட்டுக் காவிரியில் இறங்கினான். கழுத்துவரை தண்ணீரில் நின்றான். எரியவில்லை. கரையில் மீன் வறுக்கிற கடையில் தனப்பிரியா வரிசையில் நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள். அவன் அவசரப்படாமல் இன்னொரு முறை முங்கி எழுந்தான்.